ஒரு ட்ரெய்லர், பதினேழு ஒழுக்கு

கனநாளா ஒண்டும் எழுதேல்லை. சோதினை, அசைன்மென்ற், பகுதிநேர வேலை எண்டு வழக்கமான சாட்டுகள்தான். இந்தமுறை கணக்குப் பாடம் இல்லாத ஒரு விசயம் எழுதுவம் எண்டு வந்திருக்கிறன். ஆனா நான் கொமர்ஸ் படிக்கிறவன். கணக்கில்லாமல் முழுசா எழுத வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வகுப்பில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், 2024 முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் காணாமல் போறனான். "ஆர் மச்சான் அந்தப் பிள்ளை?" எண்டு கேட்டவங்களும் இருக்கிறாங்கள். பிள்ளை ஒண்டும் இல்லை. 1974 இல செய்த ஒரு ட்ரெய்லருக்குள்ள மல்லாந்து படுத்துக்கிடந்து ஓட்டை அடைச்சுக்கொண்டிருந்தனான்.

ட்ரெய்லர் எண்டால் சினிமா ட்ரெய்லர் இல்லை. காருக்குப் பின்னால கொழுவி இழுத்துக்கொண்டு போற சின்ன வீடு. உள்ளுக்குள்ள கட்டில், மேசை, குசினி எல்லாம் இருக்கும். இதை வாங்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதில இருந்து தொடங்கிறன்.

கனடாவில கோடை வந்தால் பெடியள் எல்லாரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அல்கொன்குயின் பார்க்குக்குப் போயிடுவாங்கள். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருசம் வீட்டில கேட்டுப் பாத்தன், நாங்களும் குடும்பமாப் போவமோ எண்டு. அம்மா சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவ. திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

"காசு குடுத்துக் கூடாரத்தில போய்ப் படுக்கிறதோ? எனக்கு உது காணும்."

அவ அப்பிடிச் சொன்னது ஏன் எண்டு எனக்குத் தெரியும். 2009 இல நானும் அம்மாவும் அக்காவும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில இருந்தனாங்கள். எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா முதலே கனடாவுக்கு வந்திட்டார். அந்த வருசம் ஆவணியில பெய்த மழையில முகாமுக்குள்ள வெள்ளம் வந்தது. எனக்கு ரெண்டு விசயம்தான் வடிவா ஞாபகம் இருக்கு. ஒண்டு, நனைஞ்ச கூடாரத் துணியை உள்ளுக்கிருந்து விரலால தொட்டால் தொட்ட இடத்தால தண்ணி வரத் தொடங்கும். அதை விளையாட்டு எண்டு நினைச்சு நாலஞ்சு இடத்தில தொட்டு, அம்மாவிட்ட நல்ல அடி வாங்கினனான். மற்றது, அம்மா சாப்பாட்டுக் கோப்பையால கூடாரத்தைச் சுத்தி வாய்க்கால் வெட்டினது. 2014 இல அப்பா எங்களைக் கூப்பிட்டு நாங்கள் கனடா வந்து சேந்திட்டம். ஆனா இண்டைக்கும் ராவில மழை பெய்தால் அம்மா எழும்பி ஒவ்வொரு அறையாப் போய்ப் பாப்பா. நாங்கள் இருக்கிறது ஸ்காபரோவில பதினோராவது மாடி. எங்களுக்கு மேல இன்னும் நாலு மாடி இருக்கு.

அதால நான் வேற மாதிரிக் கேட்டுப் பாத்தன். "கூடாரம் வேண்டாம். கூரை, கதவு, கட்டில் எல்லாம் உள்ள ட்ரெய்லர் எண்டால் வருவீங்களோ?"

கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "ஒழுகாதெண்டால் வாறன்" எண்டா.

எங்களுக்குள்ள நடந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஒண்டைத்தான் நான் கடைசியாக் கவனிச்சனான்.

நாங்கள் வாங்கினது போலர் எண்ட வகை. கனடாவில பழைய ட்ரெய்லர் பைத்தியம் பிடிச்ச ஆக்களிட்ட இந்தப் பேரைச் சொன்னால் கண் விரியும். வினிபெக் நகரத்தில ரே ஒலெக்கோ எண்டவர் 1968 இல செய்யத் தொடங்கின சின்ன பைபர்கிளாஸ் ட்ரெய்லர் இது. அதுக்கு முதல் அவர் பைபர்கிளாசில மலக்குழித் தொட்டி செய்தவர். தொட்டியை இப்பிடிச் செய்யலாம் எண்டால் ஆக்கள் படுக்கிற பெட்டியையும் செய்யலாம்தானே எண்டு யோசிச்சிருக்கிறார். வட்டமான பௌலர் தொப்பி மாதிரி இருக்குது எண்டு போலர் எண்ட பேர். பாக்க ஒரு பெரிய முட்டையைப் படுக்க வைச்ச மாதிரி இருக்கும். முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற கொழுக்கியையும் சேத்தே 13 அடிதான். எடை ஆயிரம் பவுண்டுக்குக் கிட்ட, சின்னக் காரே இழுக்கும். இந்த வரலாறை மாமாவுக்குச் சொன்னது என்ர பிழை. பிறகு ஒரு மாசம் அவர் அதைக் "கக்கூஸ் தொட்டி" எண்டுதான் கூப்பிட்டவர்.

நான் போலர்தான் வேணும் எண்டு நிண்டதுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்து மற்ற ட்ரெய்லர் கனதுக்கு உள்ளுக்கு மரச்சட்டம், வெளியில அலுமினியத் தகடு. தகடுக்குத் தகடு பொருத்து. அந்தப் பொருத்துகளால தண்ணி உள்ளுக்குப் போய் மரத்தை உக்க வைச்சிடும். வெளியில பாக்க ஒண்டும் தெரியாது. போலரில மேல் ஓடு ஒண்டு, கீழ் ஓடு ஒண்டு, ரெண்டும் நடு இடுப்பில சந்திக்கும். பொருத்து எண்டு சொல்ல அந்த இடுப்புப் பட்டி மட்டும்தான். பைபர்கிளாஸ் உக்காது. ஆகவே இது ஒழுகாது எண்டு நான் முடிவெடுத்தன்.

2023 ஐப்பசியில 2,600 டொலருக்கு வாங்கினம். என்ர கோடை வேலைக் காசு பாதி, அப்பாவின்ர பாதி. வித்தவர் ஒரு பண்ணைக்காரர். "ஒழுக்கு எல்லாம் நானே அடைச்சிட்டன்" எண்டு பெருமையாச் சொன்னவர். உண்மைதான், கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி எல்லா இடமும் சிலிக்கன் அப்பிக் கிடந்தது. எவ்வளவு கவனமான மனுசன் எண்டு நான் நினைச்சன். அப்பா மட்டும், "ஒழுகாத வீட்டுக்கு ஏன் இவ்வளவு பசை?" எண்டு கேட்டார். நான் அதைக் காதில போடேல்லை.

ஸ்காபரோ அடுக்குமாடியில ட்ரெய்லர் விட இடமில்லை. மிசிசாகாவில இருக்கிற மாமா வீட்டுப் பின்வளவில கொண்டுபோய் விட்டம். அவர் அம்மாவின்ர தம்பி. பனிக்காலத்துக்கு மேல நீலத் தறப்பாள் போட்டுக் கட்டினன். அம்மா குசினி யன்னலால பாத்திட்டு, "கனடாவுக்கு வந்தும் தறப்பாளோ?" எண்டா. எல்லாரும் சிரிச்சம். அவவும் சிரிச்சவ.

2024 சித்திரையில வேலை தொடங்கினன். இஞ்சைதான் கொமர்ஸ் மூளை என்னைக் கவிழ்த்தது. கணக்கியலில முதலாம் வருசமே படிப்பிச்சவை: ஒரு சொத்தை மேம்படுத்தினால் அது மூலதனச் செலவு, சொத்தின்ர பெறுமதியோட சேரும். இருக்கிறதை இருக்கிற நிலையில வைச்சிருக்கச் செய்யிற திருத்த வேலை வெறும் செலவு, அந்த வருசத்து இலாபத்தைச் சாப்பிட்டிட்டுப் போயிடும். இதைப் படிச்சுப் படிச்சு, திருத்திறது எண்டாலே காசை ஆத்தில போடுறது, அழகுபடுத்திறது எண்டால் முதலீடு எண்டு மண்டைக்குள்ள ஏறிப்போச்சு. பாடத்தில அப்பிடி இல்லை. நான் அப்பிடி விளங்கிக்கொண்டனான்.

எனவே முதலீடு செய்தன். கடும்பச்சைத் துணியில புது மெத்தை உறை. சுவருக்கு ஒட்டுற வோல்பேப்பர். குசினிக்கு மாபிள் மாதிரி ஸ்டிக்கர். கூரை ஓரம் முழுக்க எல்.ஈ.டி. விளக்குப் பட்டி, அதைப் பிடிக்க இருபது சின்னத் திருகாணி. எல்லாமா 780 டொலர். ராவில விளக்கைப் போட்டுப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில போட்டன். இதுவரைக்கும் நான் போட்ட எந்தப் படத்துக்கும் விழாத லைக் அதுக்கு விழுந்தது.

வைகாசியில ரெண்டு கிழமை விட்டு விட்டு மழை. எனக்குச் சோதினை, போகேல்லை. சோதினை முடிஞ்ச சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். அவவுக்குக் காட்டிறதுக்காக எல்லா விளக்கையும் முதலே போட்டிட்டுக் கதவைத் திறந்தன்.

மணம்தான் முதல் வந்தது. வோல்பேப்பர் நாக்கு மாதிரிக் கழண்டு தொங்கினது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் தண்ணி ஊறி, பச்சைத் துணியில கறுத்தப் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம். கதவடியில நிலப்பலகை கால் வைக்க அமிஞ்சது. நான் "இது ஒண்டுமில்லை, காயவிட்டால் சரி" எண்டு கதைச்சுக்கொண்டே இருந்தன். அம்மா ஒண்டையும் தொடேல்லை. வாசல்ல நிண்டபடியே, "இது அங்கத்தையான் மணம்" எண்டு சொல்லிப்போட்டு மாமா வீட்டுக்குள்ள போயிட்டா. பிறகு வரேல்லை.

அண்டு ராவு நான் அதை வித்துத் தள்ளுறது எண்டு முடிவெடுத்தன். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். போன காசு போன காசு, அதைப் பாத்து இனி எடுக்கப் போற முடிவை மாத்தக்கூடாது. அப்பாவிட்டச் சொன்னன். அவர் ரிவியைப் பாத்துக்கொண்டே சொன்னார்: "வில். ஆனா ஒழுகுதெண்டு சொல்லிப்போட்டு வில்."

ஒழுகுதெண்டு சொன்னால் ஆர் வாங்கிறது? சொல்லாமல் வித்தால் எனக்கு வித்த மனுசனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒழுக்கை அடைக்கிறதைத் தவிர வேற வழி இருக்கேல்லை.

மாமா கூரை வேலை செய்யிறவர். பதினெட்டு வருசமா ரொறன்ரோ வீட்டுக் கூரையெல்லாம் ஏறி இறங்கினவர். அடுத்த சனிக்கிழமை ட்ரெய்லரைச் சுத்தி ஒருக்கா நடந்தார். "தம்பி, ஓடு ஒழுகாது. ஓட்டில போட்ட ஓட்டைதான் ஒழுகும்" எண்டார். ஏன் மாமா இதை முதலே சொல்லேல்லை எண்டு கேட்டன். "நீ எங்க கேட்டனி? விளக்கெல்லோ பூட்டிக்கொண்டிருந்தனி."

அவர் சொன்னது முழுக்கச் சரி. போலரில உள்ளுக்கு இருக்கிற அலுமாரி, தட்டு எல்லாம் ஓட்டைத் துளைச்சு, வெளியில இருந்து ரிவெட் அடிச்சுத்தான் தொங்குது. ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு ஓட்டை. யன்னல், கூரை நடுவில இருக்கிற காத்துத் துவாரம், விளக்குக்கு வயர் போற துளை எல்லாமே ஓட்டைதான். ஐம்பது வருசம் றோட்டில குலுங்கினால் ரிவெட் தளரும். அந்த இடுக்கில தண்ணி நிண்டு பனிக்காலத்தில உறையும். உறையேக்க தண்ணி கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். ஒவ்வொரு பனிக்காலமும் இடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமா அகட்டிக்கொண்டே போகும்.

சிலிக்கன் கதையும் அப்பத்தான் விளங்கினது. காஞ்ச சிலிக்கனில வேற ஒண்டும் ஒட்டாது, புதுச் சிலிக்கன்கூட ஒழுங்கா ஒட்டாது. பழையதுக்கு மேல பூசப் பூச ஓரத்தால கிளம்பும். கிளம்பின இடத்தால உள்ளுக்குப் போன தண்ணி வெளியில வர வழியில்லாமல் அங்கையே கிடக்கும். பண்ணைக்காரர் ஒழுக்கை அடைக்கேல்லை, தண்ணியை உள்ளுக்கு வைச்சு அடைச்சிருக்கிறார். பிளாஸ்ரிக் கத்தியால சுரண்டி, அல்ககோல் போட்டுத் துடைச்சு அதை முழுசா எடுக்க எனக்கு நாலு சனிக்கிழமை போச்சு. கையில ரேகை அழிஞ்சு போன் திறக்கேல்லை.

ஒழுக்குப் பிடிக்க மாமா ஒரு வேலை காட்டித் தந்தார். இலை ஊதுற மெசின் தெரியும்தானே? கூரைத் துவாரத்தில காட்போட் வைச்சு மூடி, அதில ஒரு வட்டம் வெட்டி, மெசின் வாயை அதுக்குள்ள விட்டு உள்ளுக்குக் காத்தை ஊதவேணும். கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. வெளியில சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால பூசிக்கொண்டு வந்தால், ஓட்டை உள்ள இடத்தில நுரை குமிழ் குமிழா வரும். சின்னப் பிள்ளையள் ஊதுற குமிழ் மாதிரி. ஒவ்வொரு குமிழுக்கும் பென்சிலால வட்டம் போட்டன். 14 ரிவெட். இடப்பக்க யன்னல் சட்டத்தின்ர மேல் மூலை. அது ஊரில பள்ளிக்கூடத்தில இருந்த மாதிரிக் கண்ணாடிப் பட்டை அடுக்கின யன்னல். பிறகு ஊதுற மெசினைப் பக்கத்து யன்னலுக்கு மாத்திக் கூரைத் துவாரத்தையும் பாத்தம், அதுவும் ஒண்டு. எல்லாமா 16.

ரிவெட் தலையை ட்ரில்லால எடுத்து, துளையைத் துடைச்சு, புது ரிவெட்டின்ர கழுத்தில புட்டைல் டேப் ஒரு துண்டைச் சுத்தி அடிக்கவேணும். யன்னலையும் துவாரத்தையும் முழுசாக் கழட்டி, சட்டத்துக்குக் கீழ அதே டேப்பை வைச்சுத் திரும்பப் பூட்டவேணும். புட்டைல் சுவிங்கம் மாதிரி. லேசில காய்ஞ்சு இறுகாது. ஓடு வெயிலுக்குப் பெருக்க, குளிருக்குச் சுருங்க அதுவும் கூடப் போய் வரும். ஆணியை ஒரே நாளில முழுசா இறுக்கக்கூடாது. கொஞ்சம் இறுக்கி, நாலு நாள் விட்டுத் திரும்ப இறுக்கி, பிதுங்கி வாறதை வெட்டி எடுக்கவேணும். கெதியாச் செய்யிறன் எண்டு நிண்டால் ஓரத்தால எல்லாம் பிதுங்கிப் போய் நடுவில ஒண்டும் மிஞ்சாது. என்ர எல்.ஈ.டி. திருகாணி இருபதையும் கழட்டினன். நல்லகாலம், அதில ஒண்டும் வெளி ஓட்டைத் துளைக்கேல்லை. கதவடியில உக்கின பலகையை, ஸ்குரூட்ரைவர் குத்தி இறங்காத இடம் வரைக்கும் வெட்டி எடுத்துப் புதுப் பிளைவூட் வைச்சு எபொக்சி போட்டம்.

ஆனி முடிய எல்லாம் முடிஞ்சுது. குழாய்த் தண்ணி அடிச்சுப் பாத்தன், ஒரு சொட்டு இல்லை. அம்மாவுக்குச் சொன்னன். "மழை பெய்யட்டும் பாப்பம்" எண்டா.

மழை பெய்தது. 2024 யூலை 16, செவ்வாய்க்கிழமை. ரொறன்ரோ ஆக்கள் மறக்கமாட்டினம். பியர்சன் விமான நிலையத்தில அண்டைக்கு மட்டும் 97 மில்லிமீற்றருக்கு மேல. டொன் வலி பார்க்வேயில கார்கள் தண்ணிக்குள்ள நிண்டது, யூனியன் ஸ்ரேசனுக்குள்ள வெள்ளம். அண்டு நானும் அம்மாவும் மாமா வீட்டில. மழை கொட்டத் தொடங்கினதும் நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினன். கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. பிறகு முன்பக்கக் கட்டில் மூலையில, யன்னலுக்குக் கீழ ஒரு சொட்டு. துடைச்சன். திரும்பவும் ஒரு சொட்டு.

அந்த யன்னலைக் கழட்டிப் பூட்டினது நான்தான். அதில பிழையே இல்லை எண்டு எனக்குத் தெரியும். அப்பிடியே நிலத்தில குந்திட்டன். அழுகை வரேல்லை எண்டு எழுதலாம்தான், ஆனா வந்தது.

கதவு திறந்தது. அம்மா. கையில குழந்தைப்பிள்ளையளுக்குப் போடுற பவுடர் டின், தலையில சொப்பிங் பை. என்னை ஒண்டும் கேக்கேல்லை. சொட்டு விழுற இடத்தையும் பாக்கேல்லை. "விழுற இடத்தில ஓட்டை இருக்காது. எங்கயால வருகுதெண்டு பாக்கோணும்" எண்டு சொல்லிக்கொண்டு, யன்னலுக்கு மேல சுவர் முழுக்கப் பவுடரைத் தட்டினா. ரெண்டுபேரும் டோர்ச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு இருந்தம். வெளியில வானம் பிளந்த மாதிரிக் கொட்டுது. அஞ்சாறு நிமிசத்தில பவுடருக்கு நடுவில, உள்சுவர் மூட்டு ஓரத்தில, மயிர் தடிப்பில ஒரு ஈரக்கோடு. அம்மா விரலை வைச்சு அந்தக் கோட்டோட மேல போனா. கோடு யன்னலுக்குப் போகேல்லை. யன்னலைச் சுத்தி வளைச்சு, கூரை வளையிற இடத்துக்குப் போய், உள்சுவருக்குப் போட்டிருக்கிற ஸ்பொஞ்ச் விரிப்புக்குப் பின்னால மறைஞ்சுது.

விரிப்பை அந்த இடத்தில உரிச்சுப் பாத்தன். முன் நெத்தியில இருக்கிற சின்னச் செம்மஞ்சள் விளக்குக்கு வயர் போற துளை. இலை ஊதுற மெசினுக்குத் தப்பினது இந்த விரிப்பாலதான். உள்ளுக்கிருந்து போற காத்தை விரிப்பு அடைச்சு வைச்சிட்டுது. வெளியில இருந்து வாற தண்ணிக்கு அந்தத் தடை இல்லை. ஓட்டுக்கும் விரிப்புக்கும் நடுவால ரெண்டடி நடந்து வந்து யன்னலடியில எட்டிப் பாத்திருக்கு. பதினேழாவது ஒழுக்கு.

"உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?"

"அங்க பவுடர் இல்லை. சாம்பல்" எண்டா. அதுக்கு மேல நான் கேக்கேல்லை.

அடுத்த சனிக்கிழமை விளக்கைக் கழட்டி, கீழ புட்டைல் வைச்சுப் பூட்டினன். அதுக்குப் பிறகு அம்மா ஒவ்வொரு கிழமையும் வரத் தொடங்கினா. அழகுபடுத்திற வேலை அவவின்ர கையுக்குப் போச்சு. ஒரே ஒரு சட்டம்: ஓட்டில புதுசா ஒரு துளையும் போடக்கூடாது. எது வைக்கிறதெண்டாலும் நிலத்தில நிக்கோணும், இல்லாட்டி இருக்கிற தட்டில தொங்கோணும். எவ்வளவு யோசிக்க வைக்கிற சட்டம் எண்டு செய்து பாத்தால்தான் தெரியும். யன்னல் சீலை அவவின்ர பழைய பருத்திச் சேலை, சுருங்குற கம்பியில கொழுவி நிக்குது. தூள் போத்தலுக்கு ஓரம் உயர்த்தின பலகைத் தட்டு, வளைவில விழாது. சோறு அவிக்கிற மெசினுக்கு அளவெடுத்து ஒரு பெட்டி. பிள்ளையார் படம் வெல்குரோவில. அப்பாவுக்குச் சாரம் கொழுவ அலுமாரிக் கதவில ஒரு கொழுக்கி. காஸ் அடுப்பை மட்டும் நாங்கள் தொடேல்லை, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டுப் பாத்தம். படத்தில பாக்க என்ர கடும்பச்சை அளவுக்கு எடுப்பா இருக்காது. எங்கட வீட்டுக் குசினி மாதிரி இருக்கும்.

புரட்டாதிக் கடைசியில டார்லிங்ரன் பார்க்குக்குப் போனம். 401 பெருந்தெருவில கிழக்க போக, ஒன்ராறியோ ஏரிக்கரையில இருக்கு. அப்பா அறுபதுக்கு மேல ஓடேல்லை, பின்னால வந்தவங்கள் எல்லாரும் ஹோண் அடிச்சாங்கள். பின்னேரம் ஏரிக்கரையில நெருப்பு மூட்டி, இடியப்பமும் சொதியும். பக்கத்து இடத்தில இருந்த வெள்ளைக்காரத் தம்பதி வந்து ட்ரெய்லரைத் தடவிப் பாத்திட்டு ஒரு தட்டு இடியப்பமும் சாப்பிட்டிட்டுப் போச்சினம்.

விடியப்புறம் ரெண்டு மணியிருக்கும், மழைச் சத்தத்துக்கு எழும்பினன். பைபர்கிளாஸ் ஓட்டில மழை விழுற சத்தம் கிட்டத்தில கேக்கும், தலைக்கு ஒரு அடி மேலதானே. அம்மா கட்டிலில எழும்பி இருக்கிறா. டோர்ச் அடிக்கேல்லை. கையை உயர்த்தி, ஒரு விரலைக் கூரையில வைச்சு அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு விரலை எடுத்துப் பெருவிரலோட தேய்ச்சுப் பாத்தா.

"நீயும் தொட்டுப் பார்" எண்டா.

தொட்டன். காஞ்சு கிடந்தது.

அவ போர்வையை இழுத்துப் போத்திக்கொண்டு படுத்திட்டா. விடிய எட்டு மணிக்கு நாங்கள்தான் எழுப்பினனாங்கள்.

சொன்ன மாதிரிக் கணக்கையும் முடிச்சு விடுறன். முதல் நான் போட்ட "முதலீடு" 780 டொலர், அதில 560 டொலர் குப்பைக்குப் போனது. ஒழுக்கடைச்ச "செலவு" ரிவெட், டேப், பலகை, எபொக்சி எல்லாம் சேத்து 385 டொலர். இந்த 385 ஐ முதல் செலவழிச்சிருந்தால் அந்த 560 மிஞ்சியிருக்கும். அடைச்ச ரிவெட்டை ஒருத்தரும் படம் எடுக்கமாட்டினம், லைக்கும் விழாது. ஆனா அந்த வீட்டில இருக்கிற மிச்ச எல்லாம் அதின்ர தயவில இருக்கு. பேராசிரியர் கேட்டால் நான் இப்பவும் மூலதனச் செலவு, வருமானச் செலவு எண்டு சரியாத்தான் எழுதுவன். சோதினையில புள்ளி வேணும்தானே :-)

பி.கு: பழைய ட்ரெய்லர் வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு ரெண்டே ரெண்டு சொல்லு. மழை பெய்யிற நாளில போய்ப் பாருங்கோ. சிலிக்கன் கனக்க அப்பியிருந்தால் அப்பா கேட்ட கேள்வியைக் கேளுங்கோ. இலை ஊதுற மெசின் வேணுமெண்டால் மாமாவிட்ட வாங்கித் தரலாம், ஆனா அம்மாவை அனுப்பேலாது, அவ வாற கோடைக்கு இடம் பதியிறதில மும்முரமா இருக்கிறா.